ஒரு நாளைக்கு எவ்வளவு பழம்? அளவு, கலோரி, நேரம்: முழுமையான வழிகாட்டி

பழ விஷயத்தில் நம் வீடுகளில் இரண்டு கட்சி உண்டு. "சுகர் வந்துடுச்சு, இனிமே வாழைப்பழத்தைத் தொடவே கூடாது" என்று பழத்தை அடியோடு நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று வழக்கம்போல் போகிற கட்சி ஒன்று. "பழம்தானே, உடம்புக்கு நல்லதுதானே" என்று ராத்திரி சாப்பாடு முடிந்த கையோடு ஒரு முழு மாம்பழத்தையும் ஒரு கிண்ணம் திராட்சையையும் டிவி முன்னால் காலி செய்கிற கட்சி இன்னொன்று. இந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு பழத்தையாவது எடை போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எந்தப் பழத்தில் எத்தனை கலோரி என்ற பட்டியல் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அதை மனப்பாடம் செய்து பெரிய பயன் இல்லை. எவ்வளவு சாப்பிட்டோம், எதற்குப் பதிலாகச் சாப்பிட்டோம், எந்த வடிவத்தில் சாப்பிட்டோம் என்ற மூன்றும் சரியாக இருந்தால் மாம்பழமும் பலாச்சுளையும்கூட சமச்சீர் உணவுக்குள் அடங்கிவிடும். அதை வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: முதலில் ஒரு அளவை முடிவு செய்யுங்கள்

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதலைப் புதுப்பித்து வெளியிட்டது. அதில் 2000 கலோரிக்கான ஒரு நாள் தட்டு இப்படி இருக்கிறது: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகள், விதைகள் 35 கிராம், எண்ணெய், நெய் 27 கிராம். தானியமும் பருப்பும் வேகவைப்பதற்கு முந்தைய எடை.

பழம் 100 கிராம்தானா என்று கேட்கத் தோன்றும். காய்கறி 400 கிராம் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் பழம், காய்கறி இரண்டும் சேர்ந்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம் என்பதே. உருளைக்கிழங்கு, மரவள்ளி மாதிரிக் கிழங்குகள் அந்தக் கணக்கில் வராது. பிரிட்டனில் இதையே ஐந்தாகப் பிரித்து, ஒரு பங்கு 80 கிராம் என்று வைத்திருக்கிறார்கள்.

நடைமுறைக்கு நான் சொல்வது: வீட்டு வேலை, ஆபீஸ் வேலை பார்க்கும் பெரியவருக்கு நாளுக்கு 100 முதல் 200 கிராம் பழம். வயலிலோ கட்டட வேலையிலோ உடம்பு முறியப் பாடுபடுபவர், ஓடி ஆடும் இளைஞர் என்றால் 300 கிராம்கூடப் போகலாம். காய்கறியே சாப்பிடாமல் பழத்தால் அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பழத்தில் சர்க்கரை அதிகம். கீரையும் அவரைக்காயும் தருவதை அது முழுசாகத் தராது.

படி 2: தராசில் வையுங்கள், தோலைக் கழித்துவிட்டு

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. தினமும் தேவைப்படாது. கண் பழகும்வரை ஒன்றிரண்டு வாரம் போதும்.

பழக்கடையில் வாங்கும் எடை வேறு, வாய்க்குள் போகும் எடை வேறு. வாழைப்பழத்தில் தோல் மட்டும் எடையில் மூன்றில் ஒரு பங்கு. மாம்பழத்தில் தோலும் கொட்டையும் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவு போய்விடும். தர்பூசணி, அன்னாசி இரண்டிலும் பாதிதான் தேறும். மாதுளையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே முத்து கிடைக்கும். முழுப் பலாப்பழத்தைச் சொல்லவே வேண்டாம். சடையும் தண்டும் கொட்டையும் தோலும் போனால் சுளை மூன்றில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். மறுபக்கம் கொய்யாவும் திராட்சையும் காம்பைத் தவிர அப்படியே சாப்பிடக்கூடியவை. கொடுத்த காசுக்கு முழு மதிப்பு.

100 கிராம் என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்றால், நடுத்தர பச்சை வாழைப்பழம் ஒன்று உரித்த பிறகு ஏறக்குறைய அந்த எடை வரும். விதையில்லாத திராட்சை என்றால் சுமார் 20. பலாச்சுளை கொட்டை நீக்கி நாலைந்து. சிறிய கொய்யா ஒன்று. பப்பாளியோ அன்னாசியோ துண்டு போட்டால் குழம்பு ஊற்றும் சின்னக் கிண்ணம் ஒன்று நிறையும். முதல் தடவை எடை போடும்போது திராட்சை ரொம்பக் குறைவாகவும் பப்பாளி எதிர்பார்த்ததைவிட அதிகமாகவும் தெரியும்.

படி 3: கலோரியை நாலு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

இனி சொல்லும் எண்கள் எல்லாம் 100 கிராம் சாப்பிடும் பகுதிக்கு, தோராயமாக. ஒரே பழத்துக்கு அமெரிக்க அட்டவணை ஒன்று சொல்லும், நம் ஊர் அட்டவணை இன்னொன்று சொல்லும். ரகம், மண், பழுத்த பதம், தண்ணீர் அளவு எல்லாம் மாறுவதால் அப்படித்தான் இருக்கும். பத்து இருபது கலோரி வித்தியாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

நீர்ப் பழங்கள் முதல் கூட்டம். தர்பூசணி 30, முலாம்பழம் 35-க்குள், பப்பாளி 40 சொச்சம். வயிறு நிறையும், கலோரி ஏறாது.

இரண்டாவது கூட்டம் 45 முதல் 70 வரை: கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி, அன்னாசி, ஆப்பிள், நாவல், மாம்பழம், கொய்யா, திராட்சை. மாம்பழம் இந்தக் கூட்டத்தில் இருப்பது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். 100 கிராம் மாம்பழம் 60-லிருந்து 70 கலோரிதான். பிரச்சினை, யாரும் 100 கிராமோடு நிறுத்துவதில்லை.

மூன்றாவது கூட்டம் 80 முதல் 120: மாதுளை, சப்போட்டா, சீத்தாப்பழம், பலாச்சுளை, வாழைப்பழம். நேந்திரம் இதில் உச்சம். இவற்றைத் தவிர்க்க வேண்டியதில்லை. துண்டைச் சின்னதாக்கிக்கொண்டால் போதும்.

நாலாவது உலர்ந்த பழங்கள். பேரீச்சையும் உலர்திராட்சையும் 280 முதல் 300. இதில் மாயம் எதுவும் இல்லை. திராட்சையிலிருந்து தண்ணீர் போய்விட்டது, சர்க்கரை அப்படியே இருக்கிறது. இருபது திராட்சை சாப்பிட்டு நிறுத்துபவர், உலர்திராட்சை என்றால் ஐம்பதைப் பேசிக்கொண்டே மென்றுவிடுவார். சாதாரண பேரீச்சை ஒன்று 20 கலோரிக்கு மேல். பெரிய மெட்ஜூல் ரகம் ஒன்றே 65 கலோரிக்குப் பக்கம். இரும்புச்சத்துக்கு என்று சொல்லிக்கொண்டு தினம் பத்து பேரீச்சை சாப்பிடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

வெண்ணெய்ப்பழம் எந்தக் கூட்டத்திலும் சேராது. அதில் சர்க்கரை குறைவு, கொழுப்பு அதிகம், 160 கலோரி. அதை எண்ணெய், கொட்டைகள் பக்கம் வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் பொருத்தம்.

வாழைப்பழத்துக்குத் தனியாக ஒரு கணக்கு

"ஒரு வாழைப்பழம் எத்தனை கலோரி?" என்று கேட்டால் தமிழ்நாட்டில் பதில் சொல்ல முடியாது. எந்தப் பழம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மேல்நாட்டுப் பட்டியல்களில் வரும் வாழைப்பழம் கேவண்டிஷ் வகை, நம் பச்சை வாழைக்குச் சொந்தக்காரன். நம் கடையில் தொங்குவதோ ஏலக்கி, பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, செவ்வாழை, மலைவாழை, நேந்திரம் என்று ஒரு படை.

தோல் உரித்த எடையை வைத்துப் பார்த்தால் ஏலக்கி ஒன்று 40, 50 கிராம். ஐம்பது கலோரிக்குள் முடிந்துவிடும். பூவன் 60 முதல் 80 கிராம். 70 கலோரியை ஒட்டி. பச்சை வாழை நல்ல பருமனாக இருந்தால் 110 கலோரி. செவ்வாழை அதைவிட ஒரு படி மேல். பெரிய நேந்திரம் ஒன்று 200 கலோரியைத் தொடும், அதாவது ஒரு கிண்ணம் சோற்றுக்குச் சமம். கேரளத்துக்காரர்கள் அதை அவித்துக் காலைப் பலகாரமாகவே சாப்பிடுவதில் நியாயம் இருக்கிறது. நாமோ டிபன் முடித்த பிறகு அதை "ஒரு பழம்" என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆகவே "நாளுக்கு ஒரு வாழைப்பழம்" என்று டாக்டர் சொன்னால், எந்த ரகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்னது பெரும்பாலும் ஒரு பூவன் அளவாகத்தான் இருக்கும்.

பழுத்த பதம் பற்றியும் சொல்ல வேண்டும். காயாக இருக்கும்போது மாவுச்சத்தாக இருப்பது பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிறது. மொத்தக் கலோரி பெரிதாக மாறாது. ரத்தத்தில் ஏறும் வேகம் மாறும். கரும்புள்ளி விழுந்து குழைந்த பழம், கொஞ்சம் கெட்டியாக இருக்கும் பழத்தைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோயாளிக்கு இது முக்கியம். எடை குறைக்க நினைப்பவருக்கு அவ்வளவாக இல்லை.

கல்யாணப் பந்தியில் பாயசம், ஐஸ்கிரீம் எல்லாம் முடிந்த பிறகு இலையில் இருக்கும் பழத்தை "வீணாக்கக் கூடாது" என்று சாப்பிடுவோம். பையில் போட்டுக்கொண்டு வந்து சாயங்காலம் சாப்பிட்டாலும் வீணாகாது. அப்புறம், பழநிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழை இருக்கிறது என்பதற்காக அதைப் பழக் கணக்கில் எழுத வேண்டாம். வெல்லம், தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய் எல்லாம் சேர்ந்தது. பிரசாதமாக ஒரு ஸ்பூன், அவ்வளவே.

படி 4: எதற்குப் பதிலாக என்று முடிவு செய்யுங்கள்

நல்ல உணவுப் பழக்கம் என்று நினைத்துப் பழத்தை ஆரம்பித்துவிட்டு, எடை ஏறியதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பழத்தைச் சேர்த்தார்கள், எதையும் எடுக்கவில்லை. காலை நாலு இட்லி அப்படியே, மதியச் சோறு அப்படியே, நாலு மணி டீயும் மிக்சரும் அப்படியே, அதற்கு மேல் 150 கலோரிப் பழம். ஏறாமல் என்ன செய்யும்?

எளிய இடம் சாயங்கால நொறுக்குத் தீனி. ஒரு கைப்பிடி மிக்சர் 30 கிராம் இருக்கும். 150 கலோரிக்குக் குறையாது, கூடவே உப்பும் எண்ணெயும். அந்த இடத்தில் நடுத்தரக் கொய்யா ஒன்று வைத்தால் 100 கலோரியில் முடிந்துவிடும். மென்று முடிக்கவே பத்து நிமிஷம் ஆகும் என்பதும் ஒரு லாபம். 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருப்பதால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தாங்கும். எண்ணெய் ஒரு டீஸ்பூன் 45 கலோரி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பஜ்ஜிக்கும் பப்பாளிக்கும் உள்ள தூரம் தானாக விளங்கும்.

சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவதாக இருந்தால் சோற்றில் கை வையுங்கள். வெந்த சோறு 100 கிராம் 130 கலோரி. இரண்டு கரண்டிச் சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூவன் பழம் என்றால் கணக்கு நேராகிவிடும்.

நேரத்தைப் பற்றிய சண்டைகளுக்கு ஒரே பதில்: கலோரிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. வெறும் வயிற்றில் சாப்பிட்டால்தான் சத்து சேரும், சாப்பிட்ட உடனே பழம் தின்றால் வயிற்றில் அழுகிவிடும் என்பதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு. வயிற்றில் இருக்கும் அமிலத்தில் எதுவும் உட்கார்ந்து அழுகாது. ராத்திரி வாழைப்பழம் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று உறுதியாக நம்பும் பாட்டியோடு வாதாட வேண்டாம். பகலில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவதில் உண்மையான பலன் ஒன்று உண்டு. கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. அதே வேளையில் வைட்டமின் சி இருந்தால் கூடுதலாகச் சேரும். முருங்கைக்கீரைப் பொரியல் உள்ள அன்று சாப்பாட்டு முடிவில் நாலு துண்டு கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ சாப்பிடுவது ரத்தசோகை உள்ள பெண்களுக்கு நல்ல பழக்கம். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பது இதற்கு நேர் எதிராக வேலை செய்யும்.

படி 5: ஜூஸைப் பழக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்

ஒரு தம்ளர் சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று நாலு பழம் போகும். மூன்று பழத்தை உரித்துச் சுளை சுளையாகத் தின்னச் சொன்னால் இரண்டாவதிலேயே போதும் என்போம். பிழிந்து கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் உள்ளே போய்விடும். நார்ச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டியில் நின்றுவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதலில் ஒரு முக்கியமான பிரிவினை இருக்கிறது. முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய சர்க்கரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையைச் சேர்த்திருக்கிறார்கள், தேனையும் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் பிழிந்தது, சர்க்கரை போடாதது என்பதால் விலக்கு இல்லை. பிரிட்டனின் கணக்கில் நாள் முழுக்க எவ்வளவு ஜூஸ் குடித்தாலும் 150 மில்லி வரை ஒரு பங்கு என்று மட்டுமே எடுத்துக்கொள்வார்கள்.

கடை ஜூஸ் இன்னும் ஒரு படி மேலே. கவுன்டருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பழம் நாலு துண்டு, சர்க்கரைப் பாகு ஒரு கரண்டி, ஐஸ், தண்ணீர். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 20 கலோரி. மூன்று நாலு டீஸ்பூன் அளவு என்பது சாதாரணம். "சர்க்கரை இல்லாம, ஐஸ் இல்லாம" என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஒரு வாரம் நாக்குக்குச் சப்பென்று இருக்கும், பிறகு பழகிவிடும். மில்க் ஷேக் என்றால் பழம் 100, பால் 100, சர்க்கரை 60, மேலே ஐஸ்கிரீம் ஒரு உருண்டை, 350-ஐத் தாண்டுகிறது. அது ஒரு வேளைச் சாப்பாடு. அப்படி நினைத்துக் குடிப்பதில் தப்பில்லை, தாகத்துக்குக் குடிப்பதில்தான் தப்பு.

பல் இல்லாத பெரியவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். பப்பாளி, பழுத்த சப்போட்டா, வாழைப்பழம் மூன்றையும் கரண்டியால் மசித்துக் கொடுக்கலாம். மிக்ஸியில் அடித்தாலும் வடிகட்டாமல் கொடுத்தால் நார்ச்சத்து தங்கும். இளநீர் 100 மில்லிக்கு 20 கலோரிக்குள்தான். ஜூஸ் குடிக்கிற ஆசைக்கு அதுவே நல்ல மாற்று.

படி 6: சர்க்கரை நோய் இருந்தால்

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று அது சொன்னது. அப்படியானால் இந்தப் பகுதி நிறைய வீடுகளுக்குப் பொருந்தும்.

பழத்தை நிறுத்தச் சொல்லி எந்த வழிகாட்டுதலும் சொல்வதில்லை. அளவோடு, முழுப் பழமாக, மாவுச்சத்துக் கணக்குக்குள் என்றுதான் சொல்கிறது. உணவியல் நிபுணர்கள் பயன்படுத்தும் எளிய வழி 15 கிராம் கார்போஹைட்ரேட்டை, அதாவது மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்ததை, ஒரு அலகாக வைப்பது. கீழே உள்ள ஒவ்வொன்றும் ஏறக்குறைய அந்த ஒரு அலகு:

பூவன் ஒன்று, அல்லது பச்சை வாழை பாதிக்குச் சற்று மேல்
மாம்பழத் துண்டு 100 கிராம்
கொய்யா 100 கிராம்
பப்பாளி 140 கிராம்
தர்பூசணி 200 கிராம்
நடுத்தரக் கமலா ஆரஞ்சு ஒன்று
ஆப்பிள் சிறியது ஒன்று
மாதுளை முத்து 80 கிராம்
திராட்சை 80 கிராம்
சப்போட்டா சிறியது ஒன்று
பலாச்சுளை இரண்டு மூன்று

இதே 15 கிராம் வெந்த சோற்றில் 55 கிராமிலேயே வந்துவிடும், அதாவது ஒரு சின்னக் கரண்டி. தட்டில் நாலு கரண்டிச் சோறு போட்டுக்கொண்டு இரண்டு பலாச்சுளையைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

ஒரு உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற எண்ணை வைத்துத் தர்பூசணியைக் காட்டி மிரட்டுபவர்கள் உண்டு. அந்த எண் தர்பூசணிக்கு 70-க்கு மேல் வருவது உண்மைதான். அந்தச் சோதனை ஒரே அளவு கார்போஹைட்ரேட்டைக் கொடுத்துச் செய்யப்படுவது. தர்பூசணியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அந்த அளவு வர அரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். 150 கிராம் துண்டு ஒன்றால் அப்படியொன்றும் ஏறாது.

ஒரு வேளைக்கு ஒரு அலகு, நாளுக்கு அதிகபட்சம் இரண்டு என்று ஆரம்பியுங்கள். கூடவே ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ கொஞ்சம் தயிரோ இருந்தால் சர்க்கரை ஏறுவது மெதுவாகும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், பழம் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரே பழம் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி காட்டும். உங்கள் உடம்பின் பதில் அந்த மீட்டரில் இருக்கிறது. நாவல்பழம் நல்ல பழம், நாவல் கொட்டைப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

ஜூஸ் மருந்தாகும் இடமும் இங்கேதான். இன்சுலின் அல்லது மாத்திரையால் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து நடுங்கினால் அரைத் தம்ளர் பழச்சாறோ மூன்று டீஸ்பூன் சர்க்கரைத் தண்ணீரோ உடனே கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் முழுப் பழம் தாமதம்.

படி 7: யாருக்கெல்லாம் கணக்கு மாறும்

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு விஷயம் கலோரி இல்லை, பொட்டாசியம். வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர், உலர்ந்த பழங்கள் எல்லாவற்றுக்கும் மருத்துவர் தனி வரம்பு சொல்லுவார். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்த நட்சத்திரப் பழத்தை அவர்கள் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது. அதில் இருக்கும் நச்சுப்பொருளை ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் முடியாமல் அது மூளையைத் தாக்கும்.

குழந்தைகளுக்குச் சின்ன வயிறு. ஒரு வயதுக்குள் ஜூஸ் வேண்டவே வேண்டாம். திட உணவு ஆரம்பித்த பிறகு மசித்த பழம் போதும். திராட்சையை முழுசாகக் கையில் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் சரியான அளவு அது. நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள்.

எடை ஏற வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவது கூட்டமும் உலர்ந்த பழமும் கைகொடுக்கும். நேந்திரம் ஒன்று, நாலு பேரீச்சை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு தம்ளர் பால். 500 கலோரியைத் தாண்டிவிடும். புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தலாம்.

படி 8: வாங்குவதும் வைப்பதும்

கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. ஆப்பிளில் 5 மில்லிகிராம் வந்தால் பெரிது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள்தான் வாங்குகிறோம். ஆப்பிள் மேல் எனக்குப் பகை இல்லை. பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் கூடை கூடையாகக் கொய்யா குவியும்போது, கடல் கடந்து வந்த மெழுகு பூசிய ஆப்பிளுக்கு மூன்று மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

பருவம் பார்த்து வாங்கினால் விலையும் ருசியும் சேர்ந்து கிடைக்கும். கோடை தொடங்கும்போதே தர்பூசணியும் முலாம்பழமும் வந்துவிடும், கூடவே நுங்கு. சித்திரை வைகாசியில் பங்கனபள்ளி, மல்கோவா, இமாம்பசந்த்; கடைசியில் நீலம். பண்ருட்டிப் பலா அதே காலம். ஆடியை ஒட்டி நாவல், அதற்குப் பின் சீத்தாப்பழம். வாழையும் பப்பாளியும் வருஷம் முழுக்க.

மாம்பழ சீசனில் ஒரு எச்சரிக்கை. கல் வைத்துப் பழுக்க வைப்பது, அதாவது கால்சியம் கார்பைடு பயன்படுத்துவது, சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு வைத்துப் பழுக்கவைக்க அனுமதி உண்டு. வாழைக்காய் மண்டிகளில் அதற்கான அறைகள் இருக்கின்றன. வெளியே ஒரே சீராக மஞ்சள், உள்ளே புளிப்பு, மோந்தால் வாசனையே இல்லை என்றால் சந்தேகப்படலாம். எப்படியிருந்தாலும் வாங்கி வந்ததும் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, காம்புப் பக்கம் பாலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வெட்டுங்கள்.

வெட்டிய பழத்தை ரோட்டோரத்தில் வாங்கும்போது பழத்தைப் பார்க்காதீர்கள், கத்தியையும் தண்ணீரையும் பாருங்கள். கொய்யா மேலும் கிளிமூக்கு மாங்காய் மேலும் தூவும் உப்பும் மிளகாய்த்தூளும் கலோரி சேர்க்காது, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அந்த உப்பு கணக்கில் வரும்.

படி 9: ஒரு நாளில் எப்படி உட்காரும்

நடுத்தர வயது, உட்கார்ந்த வேலை, 1800 கலோரிக்குள் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலை மூன்று இட்லி, சாம்பார். பதினொரு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் 100 கிராம் பப்பாளி, 40 சொச்சம் கலோரி. மதியம் சோற்றைவிடக் காய் அதிகம் இருக்கும் தட்டு, ஒரு முட்டையோ கொண்டைக்கடலையோ, தயிர். சாயங்காலம் டீயோடு ஒரு சிறிய கொய்யா, 70 கலோரிக்குள். ராத்திரி இரண்டு சப்பாத்தி, கூட்டு. பழம் 200 கிராம், மொத்தம் 110 கலோரியை ஒட்டி. நாள் கணக்கில் ஆறு சதவீதம்தான் பழத்துக்குப் போயிருக்கிறது.

இதே ஆள் மாம்பழ சீசனில் என்ன செய்யலாம்? 350 கிராம் எடையுள்ள பங்கனபள்ளி ஒன்றில் சதை 230, 240 கிராம் தேறும். சுமார் 150 கலோரி. அதை இருவர் பங்கு போட்டால் ஆளுக்கு 75. பப்பாளி, கொய்யா இரண்டில் ஒன்றை அன்று விட்டுவிட்டால் முடிந்தது. முழுப் பழமும் தனக்கே வேண்டும் என்றால் அன்றைக்கு வேறு பழம் கிடையாது, மதியம் இரண்டு கரண்டிச் சோறு குறைவு. மாம்பழத்தைச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடும் பழக்கமுள்ளவர்கள் சோற்றை அளந்து போட்டுக்கொண்டு மாம்பழத்தை நிம்மதியாகச் சாப்பிடலாம். அன்று ஊறுகாயும் வேண்டாம், அப்பளமும் வேண்டாம்.

இப்படி இரண்டு மூன்று வாரம் போன பிறகு எடை பாருங்கள், காலையில், ஒரே தராசில். இறங்க வேண்டியவருக்கு இறங்கவில்லை என்றால் முதலில் எண்ணெய், சோறு, டீயில் போடும் சர்க்கரை இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். பழத்தைக் குறைப்பது அதற்குப் பிறகுதான்.